உட்காருவதற்குச் சம்பளம்

“கதை ஒண்ணு வேணுமாம்.”

“என்ன கதை?”

“ஏதாவது ஒண்ணு. கணக்கெல்லாம் போதுமாம். யூனிவர்சிட்டிக்காரங்க போட்டுக் குடுத்த வரைபடத்தை ஒருத்தரும் பாக்கலியாம். ஒரு அம்மா வேணுமாம். மைக் முன்னாடி வந்து நின்னு, ‘என் பையன் இன்னிக்கு உயிரோட இருக்கான்னா அது இவங்களாலதான்’னு சொல்லணுமாம். கொஞ்சம் அழுதா இன்னும் நல்லதாம்.”

“அழணும்னே சொன்னாளா?”

“‘மனசைத் தொடற மாதிரி’ன்னா. அதுக்கு வேற என்ன அர்த்தம்?”

அலோன்ஸோ கீரைக்கட்டைப் பிரித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினான். இது மூன்றாவது அலசல். காலர்ட் இலையின் நரம்போரத்தில் மண் ஒளிந்துகொள்ளும். அவசரப்பட்டால் சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும். நகர சபை உறுப்பினரின் உதவியாளப் பெண் காலையில் அவனை போனில் கூப்பிட்டதிலிருந்து அவன் கீரையைத்தான் அலசிக்கொண்டிருந்தான். அடுப்பில் புகைபோட்ட வான்கோழிக் கழுத்து வெந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. வெளியே, ஏரிப் பக்கமிருந்து வந்த முதல் பனி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி இறங்கிக்கொண்டிருந்தது.

“செவ்வாய்க்கிழமைக்குள்ள எங்க போய் ஒரு அம்மாவைப் பிடிக்கறது?” என்றாள் அவன் மனைவி வெர்டெல். மேஜைமேல் சீப்புகளையும், நீல டப்பாவில் தலைக்குப் பூசும் பசையையும், சாயம்போன துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. சனிக்கிழமை மட்டும் அவள் அடுக்களை எங்கள் தெருப் பெண்களுக்கு முடி அலங்காரக் கடை.

“அம்மாக்களுக்கு இந்தத் தெருவுல பஞ்சமா? போய்க் கேக்கத்தான் முடியாது.”

“ஏன் முடியாது?”

“உனக்குத் தெரியும், வெர்.”

அவளுக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கார்னெட் தெருவும் பதினாலாம் தெருவும் சந்திக்கிற முனையில், மூடிக்கிடக்கும் டயர் கடைக்கு முன்னால், மூன்று கோடைகளுக்கு முன்பு, துப்பாக்கிச் சண்டைகளைப் பேசித் தடுக்க, அலோன்ஸோவும் அவன் ஆட்களும் முதன்முதலாக மடக்கு நாற்காலிகளை விரித்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஆரஞ்சு நிறப் பட்டை ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு இரும்புப் பீப்பாய் அடுப்பு. அதில் காரமான சாசேஜும் கோழித் தொடையும் வெந்துகொண்டிருக்கும். பட்டினியாக இருப்பவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று அலோன்ஸோ சொல்வான். பத்தொன்பது வயதில் சிறைக்குப் போய், பாதி ஆயுளை அங்கே கழித்துவிட்டு வந்தவன் அவன். முனையில் நிற்கும் பையன்களின் மாமன்கள், அப்பன்கள் எல்லோரையும் சிறைக்குள்ளேயே தெரியும். அதனால் பையன்கள் அவன் சொன்னதைக் கேட்டார்கள். கேட்காதவர்கள் சாப்பிட்டுவிட்டாவது போனார்கள்.

நாற்காலிக்கு வழக்கம் என்று ஒன்று தானாகவே உண்டாயிற்று. ஒருவன் அதில் உட்கார்ந்துவிட்டால் யாரும் அவனைத் திட்டக்கூடாது. எழுந்து போன பிறகு, அவன் சொன்னதை யாரும் எங்கேயும் எடுத்துப்போகக் கூடாது. போலீஸிடமில்லை, நகர சபையிடமில்லை, பாஸ்டரிடமில்லை, கட்டின மனைவியிடமும் இல்லை. யார் யாரைக் கொல்லப்போனான், யார் தடுத்தது என்பதெல்லாம் அந்த சிமெண்டுத் தரையிலேயே கிடக்கவேண்டும். அப்படியிருந்ததால்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது அந்த வழக்கமே கழுத்தை நெரித்தது. போலீஸை எதிர்த்துப் பெரிய ஊர்வலங்கள் நடந்த காலத்தில் நகர சபை அவர்களுக்கென்று பட்ஜெட்டில் ஒரு வரி எழுதிப் பணம் ஒதுக்கியது. உறுப்பினர்கள் வந்து, அவர்கள் போடும் ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு படமெடுத்துக்கொண்டார்கள். இந்த வருடம் நகரத்துக்குத் துண்டு விழுந்தது. மேயரின் வரைவில் அந்த வரியைக் காணவில்லை. அதற்குப் பதில் முனைக்கு முனை கேமரா, போலீஸுக்குக் கூடுதல் நேரச் சம்பளம். செவ்வாய்க்கிழமை மக்கள் கருத்துக் கூட்டம். அதன் பிறகு ஓட்டு. நடந்துபோன கொலைக்குப் படம் உண்டு, இடம் உண்டு, மெழுகுவர்த்தி உண்டு. நடக்காமல் போனதற்கு என்ன காட்டுவது?

வெர்டெல் இரும்புச் சீப்பை எடுத்துத் துணியால் துடைத்தாள்.

“நம்ம வீட்டுலயே ஒரு அம்மா இருக்கா,” என்றாள், அவனைப் பார்க்காமல்.

அலோன்ஸோவின் கை தண்ணீருக்குள் நின்றது. “வேண்டாம்.”

“நான் சொல்றேன்னு சொல்லலியே.”

“நினைக்கவும் வேண்டாம். உன் அக்கா பையன் டெவானைப் புதைச்ச ஈரம் காயல. நம்ம பையன் ஜமாருக்குக் கோர்ட் போட்ட நன்னடத்தைக் காலம் வசந்தத்துக்கு அப்புறம்தான் முடியுது. கையில துப்பாக்கியோட நின்னான்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, ஒயர் வேலை போச்சு, யூனியன் போச்சு, மறுபடி உள்ள. அதுவும் போதாதுன்னா பின்வீட்டு லமாண்டோட அண்ணன்க ரெண்டு பேர் இருக்காங்க.”

“எல்லாம் தெரியும்.”

“அப்புறம் ஏன் சொன்ன?”

“உனக்கு வேலை போயிடுமேன்னுதான்.”

“போகட்டும். கிடங்குல மூட்டை தூக்கறேன்.”

“உன் இடுப்புக்கா? ஷூ லேசைக் கட்டறதுக்கே என்னைக் கூப்பிடற.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “எனக்கு என் வேலையப் பத்திக் கவலை இல்ல, வெர். போன வாரம் அந்த ரெட்டைப் பசங்க வந்து உட்கார்ந்தானுங்க. சின்னவன் என்கிட்ட, ‘கோடையில இருப்பீங்களா’ன்னு கேட்டான். நான் சாசேஜைத் திருப்பிப் போட்டேன். அதுதான் நான் சொன்ன பதில்.”

மாடிப்படி அதிர்ந்தது. ஜமார் இறங்கி வந்தான். இருபத்திரண்டு வயது. தாடையில் இன்னும் முழுசாக முளைக்காத தாடி, இடுப்பில் கருவிப் பை, கையில் பூட்ஸ். வெர்டெலின் முதல் கணவனுக்குப் பிறந்தவன். அலோன்ஸோவை “பாப்ஸ்” என்பான்.

“சனிக்கிழமையும் வேலையா?” என்றான் அலோன்ஸோ.

“பள்ளிக்கூடத்துல பழைய ஒயரை எல்லாம் உருவணும். எலி தின்னுருக்கு பாப்ஸ். ஃபோர்மேன் சொல்றாரு, எலிக்கு நம்மளவிட யூனியன் சம்பளம் அதிகமாம்.”

“சாப்பிட்டுட்டுப் போ.”

“சோளரொட்டி மட்டும் குடு மம்மா. வழியில தின்னுக்கறேன்.” அவள் தாளில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். “என்ன, யாராவது செத்துட்டாங்களா?”

“வாயைக் கழுவு. கிளம்பு,” என்றாள் வெர்டெல்.

அவன் அவள் உச்சந்தலையில் தாடையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனான். சின்ன வயதில் அவன் தலையில் அவள் அப்படிச் செய்வாள். அவளைவிட உயரமானதும் அவன் திருப்பிச் செய்ய ஆரம்பித்தான். வாசல் கதவு மூடிய பிறகும், பனியில் அவன் பூட்ஸ் சத்தம் தேயும்வரை, இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அந்த நாற்காலி கிடைச்சுதா?” என்றாள் கடைசியில், பேச்சை மாற்ற.

“எங்க கிடைக்கறது? ஆபீஸ்ல மறுபடி கேட்டாங்க. எல்லாத்துலயும் நகரத்து முத்திரை ஒட்டியிருக்காம், ஒண்ணு குறையுதாம். கடையில புதுசா ஒண்ணு வாங்கி நானே பட்டையைச் சுத்திட்டேன். பக்கத்துல வச்சுப் பாத்தா கல்யாணத்துக்குப் பொருந்தாத ட்ரெஸ் போட்டு வந்தவன் மாதிரி இருக்கு.”

கீரையைப் பானையில் போட்டு மூடிவிட்டு, அலோன்ஸோ ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டான். ஓட்டு முடியும்வரை தினமும் முனையில் அடுப்பு எரியவேண்டும் என்று அவன் ஆட்கள் முடிவு செய்திருந்தார்கள். பனியில் யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் கருவாட்டுக்குப் பூனை மாதிரி அந்த வாசனைக்கு ஆள் வந்துகொண்டேதான் இருந்தது.

அவன் வாசற்படி இறங்கும்போது எதிரே மிஸ் ஹேட்டி வந்தார்.

மிஸ் ஹேட்டி கிரிம்ஸ் பின்சந்துக்கு அந்தப் பக்கத்து வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் வாசலில் வெள்ளைக் கையுறையோடு நின்று, யார் எங்கே உட்காரவேண்டும் என்று விரலால் காட்டுகிறவர். தாமதமாக வந்தவர்கள் அந்த விரலுக்குப் பயந்து கடைசி வரிசையிலேயே ஒடுங்கிவிடுவார்கள். மூன்று பையன்களைத் தனியாக வளர்த்தவர். கடைசிப் பையன் லமாண்ட், கார் கழுவும் கடையில் வேலை செய்கிறான். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கேமராவுக்கு ஆதரவாகப் பேசப்போகிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

“என்ன மிஸ்டர் பீப்பிள்ஸ், உட்காரக் கிளம்பியாச்சா?” என்றார், அவன் குடும்பப் பெயரைச் சொல்லி.

“ஆமா மிஸ் ஹேட்டி. நீங்களும் வாங்களேன், நாற்காலி காலியாத்தான் இருக்கு.”

“எனக்கு யாரும் உட்காரச் சம்பளம் தர்றதில்ல. நான் நின்னே பழகிட்டேன்.”

அலோன்ஸோ தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு நகர்ந்தான். மிஸ் ஹேட்டி பின்புறம் சுற்றிவந்து, அடுக்களைக் கதவுக்கு வெளியே எதையோ சாய்த்து வைத்துவிட்டு, காலில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தலையில் பிளாஸ்டிக் உறை.

“வீட்டுலயே கழுவிட்டு வந்துட்டேன், பேபி. உன் தண்ணிச் செலவு மிச்சம்.”

“உட்காருங்க மிஸ் ஹேட்டி. ஏதோ சத்தம் கேட்டுதே, என்ன கொண்டுவந்தீங்க?”

“அது அப்புறம். முதல்ல தலையைப் பாரு. செவ்வாய்க்கிழமை டிவில காட்டுவாங்களாம். புருவத்துக்கு மேல முள்ளம்பன்றியோட போய் நிக்க முடியாது.”

வெர்டெல் அவர் தோளில் துண்டைப் போர்த்தினாள். முடியை வகிடெடுத்து நான்காகப் பிரித்து, மூன்றைக் கிளிப் போட்டுக் கட்டினாள். காய்ந்த முடி புகைநிறத்தில், நெருக்கமாக, கை வைத்தால் மெத்தென்று திருப்பித் தள்ளியது. அடுப்பின் சின்னச் சுடரில் இரும்புச் சீப்பை வைத்தாள். பசையை விரலில் எடுத்து வகிட்டில் கோடு இழுத்தாள். தேங்காயும் மெழுகும் கலந்த வாசனை, கீரை வேகும் வாசனையோடு போட்டிபோட்டது.

சீப்பை எடுத்துத் துணியில் ஒற்றிப் பார்த்தாள். துணி பழுப்பானது. ஊதினாள், ஆறவிட்டாள், மறுபடி ஒற்றினாள். பிறகு அடிமயிரிலிருந்து மெல்ல இழுத்தாள். சுருண்டிருந்த முடி சிறு சத்தத்தோடு நிமிர்ந்து பளபளத்தது.

“காதை மடிச்சுப் பிடிச்சுக்கோங்க.”

“போன தடவை காது மேல சுட்டுட்ட.”

“நீங்க பாஸ்டரைப் பத்திப் பேசிட்டே தலையத் திருப்பினீங்க. அவர் பாவம்தான் சுட்டுது.”

மிஸ் ஹேட்டி தோள் குலுங்கச் சிரித்தார். “அசைய வைக்காத. கல்லறைக்குப் போற வயசுல ஒரு காது போயிடும்.”

கொஞ்ச நேரம் அப்படியே போனது. மருத்துவமனையில் சலவைக்கு வரும் போர்வைகளுக்குள் ஒருவர் பல்செட் கிடைத்த கதையை வெர்டெல் சொன்னாள். சர்ச்சில் புதிதாக வந்த டிரம்ஸ் பையன் பிரார்த்தனையின்போதும் கோலைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறான் என்று மிஸ் ஹேட்டி சொன்னார். பாதித் தலை முடிந்தபோது, வெர்டெலுக்கு அடக்க முடியவில்லை.

“எதுக்கு மிஸ் ஹேட்டி? கேமரா எதுக்கு?”

“கேமரா தூங்காது பேபி.”

“அது ஓடியும் வராது. சுட்டதுக்கு அப்புறம் யார் சுட்டாங்கன்னு காட்டும். அவ்வளவுதான்.”

“உன் புருஷன் மட்டும்? அவன் யாரு? ஒரு மனுஷன். காய்ச்சல் வரும். இடுப்பு பிடிக்கும். பட்ஜெட் வந்தா வருவான், வரலேன்னா போவான். மனுஷனை நம்பி என் பையனை வெளிய அனுப்ப முடியுமா?”

“மூணு வருஷமா அனுப்பினீங்களே.”

“அனுப்பினேன்.” மிஸ் ஹேட்டி மடித்துப் பிடித்திருந்த காதை விட்டார். “வெர்டெல், ஒண்ணு கேக்கறேன். உன் புருஷன் எல்லாப் பையனுக்கும் போவானா? இல்ல, தன் வீட்டுப் பையனுக்கு மட்டுமா?”

சீப்பு முடியை விட்டு விலகி அந்தரத்தில் நின்றது.

“என்ன கேக்கறீங்க?”

“சீப்பைக் கீழ வை. இன்னொரு காதும் எனக்கு வேணும்.”

வெர்டெல் சீப்பை அடுப்போரத்தில் வைத்தாள். சுடரை அணைத்தாள். கை துடைக்கத் துண்டு தேடி, அது மிஸ் ஹேட்டியின் தோளில் இருப்பதைப் பார்த்து, தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

“ஆகஸ்ட்ல,” என்றார் மிஸ் ஹேட்டி. “உங்க டெவானை அடக்கம் பண்ணிட்டு வந்த வாரம். நான் ஜன்னல்கிட்ட நின்னு பன்றித் துண்டுக்கு மாவு தடவிட்டிருந்தேன். வெயில் இன்னும் இறங்கல. உன் பையன் என் கராஜுக்குப் பின்னால, குப்பைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல நின்னுட்டிருந்தான். அந்தச் சூட்டுல கோட்டுப் போட்டிருந்தான். கை கோட்டுக்குள்ள.”

வெர்டெல் நாற்காலி ஒன்றை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

அன்று தெரு முழுக்க ஒரே பேச்சு. டெவானைக் காட்டிக்கொடுத்தது லமாண்ட்தான் என்று யாரோ சொன்னார்கள், யாரோ நம்பினார்கள். சுட்டவர்கள் வேறு யாரையோ தேடி வந்தவர்கள், டெவான் போட்டிருந்த தொப்பியைப் பார்த்து ஏமாந்தவர்கள் என்று தெரியவர மறு வாரமானது. லமாண்டுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த மறு வாரம் வரவேண்டுமே.

“லமாண்ட் எப்பவும் பின்சந்து வழியாத்தான் வருவான்,” என்றார் மிஸ் ஹேட்டி. “போன் பண்ணினேன், எடுக்கல. அவன் என்னிக்கு எடுத்திருக்கான்? போலீஸுக்குப் போட்டேன். எல்லா வண்டியும் வெளிய போயிருக்கு, காலியானதும் அனுப்பறோம்னாங்க. மாவுக் கையோட நிக்கறேன். கத்தலாமான்னு பாத்தேன். கத்தினா அவன் பயந்துபோய்ச் சுட்டுடுவானோன்னு பயம். கர்த்தரைக் கூப்பிடக்கூட வாய் வரல.”

“மிஸ் ஹேட்டி...”

“இரு. அப்ப உன் புருஷன் வந்தான். அக்குள்ல ரெண்டு நாற்காலியை இடுக்கிட்டு, ஏதோ பிக்னிக்குக்குப் போற மாதிரி. சந்து நடுவுல ரெண்டையும் விரிச்சான். ஒண்ணுல உட்கார்ந்தான். ஒரு வார்த்தை பேசல. உன் பையனைப் பாக்கக்கூட இல்ல. என் தக்காளிச் செடியப் பாத்துட்டிருந்தான். நான் மனசுக்குள்ள திட்டினேன். அட மடையா, எந்திரிச்சுப் போய் அவன் கையைப் பிடிடா, உட்காரவா வந்தன்னு. எவ்வளவு நேரம்னு தெரியாது. எண்ணெய் புகைய ஆரம்பிச்சுடுச்சு, அவ்வளவு நேரம். அப்புறம் உன் பையன் வந்து அடுத்த நாற்காலில உட்கார்ந்தான்.”

பானை மூடி தடதடத்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

“உட்கார்ந்ததும் லமாண்ட் வந்தான். அவங்க ரெண்டு பேரையும் தாண்டித்தான் வரணும். தலையை ஆட்டி, ‘எப்படி இருக்கீங்க’ன்னான். உன் புருஷனும் தலையை ஆட்டினான். உன் பையன் குனிஞ்சுட்டிருந்தான். இவன் உள்ள வந்து ஃபிரிட்ஜைத் தொறந்து, ‘மம்மா, ஏன் ஒரே புகையா இருக்கு, சாப்பிட என்ன இருக்கு’ன்னான். அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அன்னிக்கு அவன் சாப்பிட்டதை நான் எதிர்ல உட்கார்ந்து பாத்தேன் வெர்டெல். கருகின துண்டு. ஒரு குறையும் சொல்லாம தின்னான்.”

வெர்டெல் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று மாலை இருவரும் வீடு வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அலோன்ஸோவின் அக்குளில் ஒரே ஒரு நாற்காலி. ஜமார் சாப்பிடாமல் ஏறிப்போய்ப் படுத்தான். கோட்டுக்குள் இருந்தது என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அலோன்ஸோ ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருவதாக மட்டும் சொன்னான். வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் இத்தனை மாதமும் மூச்சுவிட்டாள்.

“போலீஸ்?”

“வந்தாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம். என்ன கூப்பிட்டீங்கன்னாங்க. நாய்ன்னேன். தெருநாய் ஒண்ணு குப்பையக் கிளறிச்சு, பயந்துட்டேன்னேன். சர்ச் வாசல்ல நிக்கறவ பொய் சொன்னேன்.”

“ஏன்?”

“உன் பையனுக்கு நான் ஞாயித்துக்கிழமைப் பள்ளியில மிட்டாய் குடுத்திருக்கேன். அவன் தப்பு மிட்டாயை எடுத்துட்டா திருப்பி வச்சுட்டு மன்னிப்புக் கேப்பான். அதான்.”

வெர்டெலின் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் கூடவே கோபமும் வந்தது. “இவ்வளவும் பாத்துட்டு, எங்களுக்கு எதிரா பேசப் போறேங்கறீங்க.”

“ஆமா. ஏன்னா அவன் வந்தது உன் பையனுக்காக. உன் வீட்டுல சாப்பிடற பையன். முகத்தப் பாத்ததும் ஏதோ தெரிஞ்சிருக்கும், பின்னாலயே வந்திருப்பான். அந்தச் சந்துல வேற எவனாவது நின்னிருந்தா? அவனுக்கு நாற்காலி எடுத்துட்டு வர ஆள் உண்டா? நாலு மாசமா இதைத்தான் யோசிக்கறேன். வீட்டுக்கு வீடு ஒரு அலோன்ஸோ கிடையாது. கேமராவை எல்லா முனைக்கும் மாட்டலாம்.”

“மத்தவங்களுக்கும் போயிருக்கார்!” வெர்டெல் எழுந்துவிட்டாள். “எத்தனை தடவை போயிருக்கார் தெரியுமா? உங்க சர்ச்சுலயே, உங்க வரிசையிலயே...” சட்டென்று நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி, தேவையில்லாமல் பானை மூடியைத் தூக்கிக் கீரையைக் கிளறினாள். ஆவி முகத்தில் அடித்தது.

மிஸ் ஹேட்டி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் வரிசையிலயே, யாரு?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்ல மாட்ட.”

“சொல்ல மாட்டேன் மிஸ் ஹேட்டி. அவர் என்கிட்டயும் சொல்லல. துணி துவைக்கறப்ப சட்டையில இருக்கற கறையப் பாத்து நானா தெரிஞ்சுக்கிட்டது. அதை வச்சு ஓட்டுக் கேக்க மாட்டோம். கேட்டா, அப்புறம் ஒருத்தனும் வந்து உட்கார மாட்டான்.”

வெளியே பனி முடிவு செய்துவிட்டது; கனமாக, நேராக விழுந்தது. பதினாலாம் தெரு முனையில் ஆரஞ்சு நிறம் ஒன்று அசைவது ஆவி படிந்த கண்ணாடி வழியே மங்கலாகத் தெரிந்தது. யாரோ இரண்டு பேர் தலையில் பனியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மிஸ் ஹேட்டி எழுந்தார். தலையின் ஒரு பாதி பளபளவென்று படிந்திருந்தது. மறுபாதி கிளிப்புகளுக்குள் சுருண்டு நின்றது. பின்கதவைத் திறந்து, சாய்த்து வைத்திருந்ததை உள்ளே இழுத்தார். கறுப்புக் குப்பைப் பையில் சுற்றிய ஏதோ. பையை உரித்ததும் ஆரஞ்சுப் பட்டை தெரிந்தது. நாற்காலியின் காலில் நகரத்து முத்திரை.

“உன் பையன் உட்கார்ந்தது,” என்றார். “அன்னிக்கு உன் புருஷன் இதை எடுக்க மறந்துட்டான். இல்ல, உன் பையனைக் கூட்டிட்டுப் போறதுலயே இருந்திருப்பான், எனக்கென்ன தெரியும். மழை வந்தது, உள்ள எடுத்து வச்சேன். குடுக்கணும்னு தினம் நினைச்சேன். குடுத்தா, நான் பாத்ததைச் சொல்லணுமே.”

அவர் அதை விரித்து, அடுக்களை நடுவில், மேஜைக்கும் அடுப்புக்கும் இடையே வைத்தார். துணி இருக்கையில் கராஜ் தூசு படிந்திருந்தது. வெர்டெல் அதைத் துடைக்கக் கையை நீட்டினாள், தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

“செவ்வாய்க்கிழமை எனக்கு ரெண்டு நிமிஷம் தர்றாங்க,” என்றார் மிஸ் ஹேட்டி. “கேமராவைப் பத்திப் பேசறதுக்கு எழுதித் தயாரா வச்சிருக்கேன். ஆனா இதைப் பத்தியும் பேசலாம். நான் பேசினா அந்த சபை கேக்கும். நான் எதிர்க்கப்போறேன்னு ஊருக்கே தெரியும், அதனாலயே கேக்கும். பட்ஜெட்ல உன் புருஷனோட வரி திரும்பி வரும்னு நினைக்கறேன்.”

“நீங்க...”

“பேர் சொல்ல மாட்டேன். ஆனா என் வீட்டுச் சந்து எதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் யார் வீட்டுல சாவுன்னும் தெரியும். கூட்டிக் கழிச்சுப் பாக்க எவனுக்கும் படிப்பு வேண்டாம். லமாண்டை நான் உட்கார வச்சு முதல்ல சொல்லிடுவேன். அவன் அண்ணன்களையும் நான் பாத்துக்கறேன், என் விரலுக்கு இன்னும் பயப்படறானுங்க. போலீஸை என்னால பாத்துக்க முடியாது. அந்த நன்னடத்தை ஆபீஸரை என்னால பாத்துக்க முடியாது. அதுல நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

வெர்டெல் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் சிந்தியிருந்த சோளரொட்டித் துணுக்குகளைப் பார்த்தாள். மகன் அவசரத்தில் கிள்ளியெடுத்த இடம்.

மிஸ் ஹேட்டி போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். முடிக்காத பாதித் தலையை அவள் பக்கம் திருப்பி, காதை மடித்துப் பிடித்துக்கொண்டார், ஆறிப்போன சீப்புக்காகக் காத்திருப்பவர்போல.

“தலை பண்ணிக்கவா இந்தப் பனியில வந்தேன்? உன் புருஷன்கிட்ட கேட்டா கூடாதும்பான், எனக்குத் தெரியும். உன் பையன்கிட்ட கேட்டா சரிம்பான், அது இன்னும் மோசம். அதனால பெத்தவகிட்ட கேக்கறேன், பேபி. நான் இதுல உட்கார்ந்துட்டேன், என்னைத் திட்ட முடியாது. சொல்லு. நான் பாத்ததை அங்க சொல்லட்டுமா?”